டெம்பரரி மாப்பிள்ளையைப் பெர்மனெண்டு ஆக்கப் போன வைபவம்

சேரன்மகாதேவி,
பரிதாபி வருஷம், தை மாதம் 20-ந் தேதி.

சிரஞ்சீவி மைத்துனர் நெல்லையப்ப பிள்ளைக்கு, அத்தான் பாபநாசம் பிள்ளை ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உம்முடைய அக்காள் பிரம்மநாயகியும் குழந்தை கோமுவும், உம்முடைய பெயர் கொண்ட சுவாமியின் கிருபையால் க்ஷேமமாயிருக்கிறோம் என்று எழுதுவது முறை. முறையை நான் மீறுகிறவனல்ல. ஆகையால் க்ஷேமம் என்றே வைத்துக்கொள்ளும். சுவாமியின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவ்விடத்து க்ஷேமத்துக்கு நீர் எழுத வேண்டாம். நீர் இனிமேல் எதையுமே எழுத வேண்டாம். நீர் எழுதின ஒரு கார்டு என்னையும் என் குடும்பத்தையும் பதினோரு நாளாகப் படுத்துகிற பாட்டைச் சொல்லுகிறேன், கேளும்.

தை ஒன்பதாந் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் வயலுக்குப் போய்ப் பிசான நெல்லில் கதிர் பால் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தெருவுக்குள் நுழைகிறேன். எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரித் தலையை ஆட்டினார். அடுத்த வீட்டுப் பெண்டுகள் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டு வாசலில் தபால்கார முத்துமாலை நின்றுகொண்டிருந்தான். கார்டை என் கையில் கொடுப்பதற்கு முன்னால், "அண்ணாச்சி, பதறாதீய. பெரிய வெசயம் ஒண்ணும் இல்ல. மாப்பிள்ள சோலிதான் டெம்பரரியாம்" என்றான். கார்டு என்பது தெரு முழுவதும் படித்து முடித்துவிட்டுக் கடைசியாக விலாசதாரன் படிப்பதற்காகச் சர்க்கார் ஏற்படுத்தி வைத்திருக்கிற சாதனம் என்பது, இருபது வருஷமாகத் திருநெல்வேலியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிற உமக்குத் தெரியாதா? ஒரு கவரில் வைத்து ஒட்டி அனுப்பினால் கை தேய்ந்தா போய்விடும்?

அந்தக் கார்டை இதோ பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். "வரன் தாணுமாலையனுக்கு அம்பாசமுத்திரத்து ஆபீசில் உத்தியோகம் டெம்பரரி என்று கேள்வி. பெர்மனெண்டு அல்லவாம். விசாரித்துக்கொள்ளவும்." இவ்வளவுதான். நிச்சயதாம்பூலம் மாற்றியாகிவிட்டது, மாசி எட்டாந் தேதிக்கு முகூர்த்தம் வைத்தாகிவிட்டது, பந்தலுக்கு மூங்கில் வந்து கொல்லையில் கிடக்கிறது, பத்திரிகை அச்சடிக்கிற பொறுப்பை நீரே ஏற்றுக்கொண்டிருக்கிறீர். இத்தனையும் ஆன பிறகு, இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டு நீர் பாட்டுக்குக் கோர்ட்டுக்குப் போய்விட்டீர். எனக்கு இங்கிலீஷில் தெரிந்தது ரயில், ஸ்டேஷன், ஸ்டாம்பு, துரை. அதிலும் துரை என்பது இங்கிலீஷ் இல்லை என்று கோமு சொல்லுகிறாள்.

வேறு யாரையும் கேட்க வெட்கப்பட்டு முத்துமாலையையே கேட்டேன். "டெம்பரரின்னா என்னலே?" என்றேன். "இன்னைக்கி இருக்கும் அண்ணாச்சி, நாளைக்கி இருக்காது" என்றான். "அப்ப பெர்மனெண்டு?" என்றேன். "அது இன்னைக்கியும் இருக்கும், நாளைக்கியும் இருக்கும்" என்றான். "நீ இதுல எதுலே?" என்றேன். "நான் டெம்பரரிதான் அண்ணாச்சி. பதினாலு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு மற்ற வீட்டுக் கடுதாசிகளைப் படித்துக்கொண்டே போய்விட்டான். அந்தப் பதினாலு வருஷம் என்பது என் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. அன்றைக்கே விழுந்திருந்தால் இவ்வளவு நீளமான கடுதாசியை நான் எழுத வேண்டியிருக்காது.

உம்முடைய அக்காளோ அடுப்பங்கரையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "இன்னைக்கி இருந்து நாளைக்கி இல்லாத சோலிக்காரனுக்கா எம் பிள்ளையக் குடுக்கப் போறிய? என் தம்பி மட்டும் எழுதலன்னா நீங்க பாழுங்கெணத்துலல்லா தள்ளியிருப்பிய" என்று ஆரம்பித்தாள். வரன் கொண்டுவந்தவரும் அவள் தம்பிதான் என்பதை நான் ஞாபகப்படுத்தினேன். அது அவள் காதில் ஏறவில்லை. எனக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். நான் தண்ணீரோடு பழகினவன். எதையும் அப்படித்தான் பார்ப்பேன். ஆற்றில் கல்லால் கட்டியிருக்கிற அணை பெர்மனெண்டு. தண்ணீர் வற்றின காலத்தில் மணலையும் தழையையும் போட்டு அடைக்கிறோமே கொரம்பு, அது டெம்பரரி. ஒரு வெள்ளம் வந்தால் கொரம்பு இருந்த இடம் தெரியாது. ஒற்றைப் பெண்ணைப் பதினெட்டு வயசுவரைக்கும் வளர்த்துக் கொரம்பின் மேல் குடிவைப்பேனா? ஏற்கெனவே மூன்று ஜாதகம் தட்டிப் போய், நாலாவதாக வந்த வரன் இது. பையனும் கண்ணுக்கு லட்சணம், பேச்சும் அடக்கம், ஆறு வருஷமாக ஆபீஸ் உத்தியோகம். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டதுதான் கண்பட்டுவிட்டது போலிருக்கிறது.

மறுநாள் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் தேவதாசனிடம் போனேன். அவரிடம் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கெல்லாம் அர்த்தம் போட்ட பெரிய புஸ்தகம் ஒன்று இருக்கிறது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டிப் பெர்மனெண்டைக் கண்டுபிடித்தார். "நிலையானது, நீடித்திருப்பது, மாறாதது" என்று படித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிறகு டெம்பரரியைத் தேடினார். தேடினார், தேடினார், கடைசியில் புஸ்தகத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அந்த எழுத்துக்குரிய பக்கங்கள் முழுவதையும் கறையான் தின்றிருந்தது. "இதுதான் பிள்ளைவாள் டெம்பரரி. இதைவிட நல்லா அந்தப் புஸ்தகத்தால சொல்ல முடியாது" என்றார். அதோடு நிறுத்தினாரா? "மனுசன் பூமியில டெம்பரரி, பரலோகத்துல பெர்மனெண்டு" என்று வேதத்துக்குப் போய்விட்டார். "அதெல்லாம் சரி வாத்தியாரே, சம்பளம் எங்கன வாங்குதது?" என்று கேட்டேன். அவர் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

இனிமேல் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லுவதற்கு முன் நம்முடைய வழக்கத்தை நினைத்துப் பாரும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை நேரில் நிறுத்தி உன் சோலி எப்படி என்று கேட்பது மரியாதையா? சம்பந்தி சங்கரசுப்பிரமணிய பிள்ளையைக் கேட்டால், தாம்பூலம் மாற்றின பிறகு சந்தேகப்பட்டோம் என்று ஆகாதா? இரண்டு பேருடைய மரியாதைக்கும் குறைவு வராதபடி என்ன வழி என்று யோசித்தேன். யோசித்து, மாப்பிள்ளையைப் பெர்மனெண்டு ஆக்கித் தர வேண்டும் என்று நேரே அந்த ஆபீஸ் துரைக்கே ஒரு அர்ஜி எழுதுவது என்று தீர்மானித்தேன்.

தேவதாசன் நல்ல மனுஷர். "பிள்ளைவாள், மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுவமே" என்று இரண்டு தரம் சொன்னார். "எங்க வழக்கத்துல எடம் இல்ல, நீரு எழுதும்வே" என்று நான்தான் அவசரப்படுத்தினேன். எழுத ஆரம்பித்ததும் அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. இந்தப் பையன் ஆறு வருஷமாக ஒரே நாற்காலியில் டெம்பரரியாக வாடுகிறான், ஒரு குடியானவனுடைய ஏக புத்திரி இவனை நம்பி மாலையோடு நிற்கப் போகிறாள், ஆறு வருஷமாக ஒருவனை இப்படி வைத்திருப்பது சக்கரவர்த்தியின் நீதிக்கு அழகா, இதைத் துரையவர்கள் தம்முடைய சொந்தக் கண்ணாலே பார்த்து உத்தரவு செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினார். படித்துக் காட்டும்போது அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் தமிழில் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். அன்றைக்குத்தான் கார்டு வந்த பிறகு முதல் தரமாக உம்முடைய அக்காள் எனக்கு ரசத்தைச் சூடாக ஊற்றினாள்.

ஐந்து நாள் பொறுத்தேன். பதில் இல்லை. சரி, நேரிலே போய் என்ன ஆயிற்று என்று பார்ப்போம் என்று பதினாறாந் தேதி காலை வண்டி ஏறி அம்பாசமுத்திரம் போனேன். சம்பந்தி வீட்டுத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். எந்த ஆபீஸ் என்று பெயர் எழுதமாட்டேன். நான் கவரில்தான் வைத்து அனுப்புகிறேன் என்றாலும் முத்துமாலையை நம்ப முடியாது. ஆபீஸ் என்றால் காரைக் கட்டடமாக இருக்கும் என்று போனால், பெரிய ஓலைக் கொட்டகை ஒன்று நிற்கிறது. வாசலில் டவாலி போட்ட சேவகன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இசக்கியப்பன் என்று பெயர். மடைத் தண்ணீர் விஷயமாக வந்தவன் என்று பொய் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்று, வெற்றிலையை நீட்டிப் பேச்சுக் கொடுத்தேன்.

"இது என்னவே, சர்க்கார் ஆபீசு ஓலையில இருக்கு?" என்றேன்.

"டெம்பரரிக் கொட்டகைல்லா ஐயா. வெள்ளத்துல பழைய கட்டடத்துக்குள்ள தண்ணி வந்துட்டுன்னு ரெண்டு மாசத்துக்குப் போட்டது. பதினெட்டு வருசம் ஆச்சு."

"அப்ப பெர்மனெண்டுக் கட்டடம்?"

"அன்னா தெரியுதுல்லா" என்று கையைக் காட்டினான். நாலு சுவரும், நடுவில் ஒரு வேப்பமரமும் தெரிந்தன. "வெள்ளம் வடிஞ்ச பொறவு புதுசாக் கட்டுனது. கட்டி ரெண்டாம் வருசம் கூரை எறங்கிட்டு" என்றான்.

மெதுவாக மாப்பிள்ளை பேச்சை எடுத்தேன். தாணுமாலையம் பிள்ளை என்று ஒருவர் இருக்கிறாராமே, டெம்பரரியாமே, பாவம் என்றேன். அவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஒன்றும் தெரியாத ஆள் மாதிரிப் பார்த்தான்.

"பாவமா? அவியளா? டெம்பரரியா இருக்கப் போயில்லா அவிய மட்டும் அங்கனயே இருக்காவ! பக்கத்து நாற்காலிதான் பெர்மனெண்டு. ஆறு வருசத்துல அஞ்சு பேரு அதுல இருந்துட்டாவ. ஒருத்தர பல்லாரிக்கு மாத்துனாவ. ஒருத்தர வடக்க ஒரியாக்காரன் ஊரு கஞ்சம் ஜில்லாவுக்கு மாத்துனாவ, அங்க தமிழ் பேச ஆளு கெடைக்காம மனுசன் மரத்தோட பேசுதாராம். ஒருத்தரு குளிர்காய்ச்சல்ல போயிட்டாவ. ஒருத்தரு லீவு போட்டுக் காசிக்குப் போனவிய, இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்காவ. அஞ்சாமத்த ஆளு நாற்காலி கதையக் கேட்டுட்டு உக்காராமலே ராஜினாமா எழுதிட்டாவ. அம்புட்டு பேருக்கும் மாலை வாங்கிப் போட்டு அனுப்புனது தாணுமாலையம் பிள்ளைதான்."

"டெம்பரரி ஆள மாத்த மாட்டாவளா?"

"மாத்தணும்னா பேரு பெரிய லிஸ்டுல இருக்கணும்லா. இவிய பேரு அதுல இல்ல. லிஸ்டுல இல்லாத ஆள எங்க மாத்துதது? நீக்கணும்னாலும் ஒருத்தருக்கு ஞாவகம் வரணும்லா? மூணு மாசத்துக்கு ஒருக்க ஹெட்குமாஸ்தா கட்டோட கட்டா ஒரு காயிதத்த வப்பாவ. தொரை பாக்காமலே கையெழுத்துப் போடுவாவ. பைய இப்படியே தல நரைக்கவரைக்கும் போயிரலாம்."

"தொரை ஒருநா பாத்துட்டா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எப்படிப் பாப்பாவ? எந்தக் கோட்டிக்காரனாவது எழுதிப் போட்டாத்தான் உண்டு" என்றான்.

வே நெல்லையப்ப பிள்ளை, அந்த நிமிஷத்தில் உள்ளே மணி அடித்தது. ஹெட்குமாஸ்தா ஒரு பெரிய காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு துரை அறைக்கு ஓடினார். அந்தக் கட்டின் மேலே தேவதாசன் எழுதின இரண்டு பக்கம் இருந்தது. என் தமிழ்க் கையெழுத்து எனக்கே அத்தனை தூரத்திலிருந்து தெரிந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து துரையின் சத்தம் கேட்டது. இசக்கியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஆறு வருசமா இப்படி ஒரு ஆளு இங்க இருக்காருங்கறதே தொரைக்கு இன்னைக்கிதான் தெரியுமாம். எந்த உத்தரவுல வச்சிருக்கேன்னு ஹெட்குமாஸ்தாவப் போட்டு வாங்குதாவ. எவனோ மடையன் அர்ஜி போட்டிருக்கான் ஐயா" என்றான். நான் மடைத் தண்ணீரைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

திரும்பிவிடலாம் என்று வேப்பமரத்துப் பக்கமாக நடந்தேன். மாப்பிள்ளை பின்னாலேயே வந்துவிட்டார். அவருக்கு என்னைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது. கத்தியிருந்தாரானால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லித் தேறியிருப்பேன். அவர் கத்தவில்லை. "மாமா, வெயில்ல ஏன் நிக்கிய? மோர் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே மாமா. டெம்பரரின்னு அப்பாவும் சொல்லணும்னுதான் இருந்தாவ. ஆறு வருசம் ஆனதுனால எங்களுக்கே அது மறந்துபோச்சு" என்றார். மருமகனாக வரப்போகிறவர் முன்னால் நின்றதுபோல் நான் வேறு எவர் முன்னாலும் கூனிக் குறுகி நின்றதில்லை. அவர் வரவழைத்த மோரையும் குடிக்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பதினெட்டாந் தேதி சம்பந்தி சங்கரசுப்பிரமணிய பிள்ளை வந்தார். வண்டியிலிருந்து இறங்கி, காலைக்கூடக் கழுவாமல், வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். "வே பாபநாசம் பிள்ளை, நாங்க பொண்ணு கேட்டு வந்தமா, தொரைகிட்ட அர்ஜி போடச் சொல்லி வந்தமா? உம்ம பொண்ணு சமைக்குமா, கோலம் போடுமான்னு நான் கலெக்டருக்கு எழுதிப் போட்டேனா?" என்றார். நான் பதிலுக்கு, "மறைச்சது நீருல்லா வே" என்றேன். "மறைக்கதுக்கு என்னவே இருக்கு? எம் மகன் ஆறு வருசமா தினமும் குடையப் பிடிச்சிக்கிட்டு அதே ஆபீசுக்குப் போறான், வாறான். அதுக்கு மேல நெலையான சோலி உமக்கு எங்க கெடைக்கும்?" என்றார். பதில் இல்லாததால் சத்தமாகப் பேசினேன். அவரும் சத்தமாகப் பேசினார். தெருவில் ஒரு வீட்டுக் கதவாவது சாத்தியிருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கடைசியில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தொரை உத்தரவு வரட்டும். சோலி இல்லாம எம் மகன் உம்ம வாசல்ல மாப்பிள்ளைக் கோலத்துல வந்து நிக்க மாட்டான். மாமனாரு வீட்டுச் சோத்துக்கு வந்தான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் கோபம் இன்னும் கூடுதலாக இருக்கிறது.

இதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு இந்த இரண்டு வார்த்தைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மாட்டுத்தொழுவத்தில் சாய்ந்த சுவருக்கு இரண்டு நாளைக்கு என்று ஒரு பனங்கட்டையை முட்டுக் கொடுத்தேன். அப்போது கோமு தொட்டிலில் கிடந்தாள். கட்டை இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் கொத்தனை வைத்துப் பலமாகக் கட்டின சுவர் இரண்டு தரம் விழுந்துவிட்டது. தேவதாசனிடம் போய், "உம்ம புஸ்தகத்துல அர்த்தத்த மாத்தி எழுதும்வே. எப்பம் போகும்னு சொல்ல முடியாதது பெர்மனெண்டு, போகச் சொன்னாலும் போகாதது டெம்பரரி" என்றேன். அவர் உடனே பேனாவை எடுத்தார். அர்ஜி எழுதின பாவத்தில் அவருக்கும் பாதி உண்டு அல்லவா. இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் நான் கெடவில்லை. அர்த்தம் தெரிந்துகொண்டதால்தான் கெட்டேன்.

நேற்று மத்தியானம் கோமு சுளகில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "எப்பா, அவியளுக்குச் சோலி போயிட்டுன்னா கல்யாணம் நின்னுருமா?" என்று கேட்டாள். இதுவரை அவள் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை. நான் என்னென்னவோ சொன்னேன். தெய்வச் செயல் என்றேன், கிரகம் என்றேன், சர்க்கார் உத்தரவு என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நின்னா ஒங்களாலதானப்பா நிக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த கல்லைப் பொறுக்கிப் போட்டாள். மைத்துனரே, சம்பந்தி வாசலில் நின்று கத்தினது எனக்குப் பெரிதில்லை. ஊர் சிரிப்பதும் பெரிதில்லை. இந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவள் மனசில் இருந்ததை நானே கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் செய்து கெடுத்துவிட்டேன். உம்முடைய அக்காளும் நேற்றிலிருந்து என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் பயமாக இருக்கிறது.

ஆகவே நீர் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். இந்தக் கடுதாசி கண்டவுடன் அச்சுக்கூடத்துக்கு ஓடிப் பத்திரிகை அடிப்பதை நிறுத்தி வையும். ஒரு பிரதிகூட வெளியே வரக் கூடாது. பிறகு லீவு சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் இங்கே வந்து சேரும். முதல் அர்ஜியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுகிறேன், அதை எழுதினவனுக்குச் சித்தபிரமை, துரையவர்கள் பழையபடி பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று கோர்ட்டு இங்கிலீஷில் இரண்டாவது அர்ஜி ஒன்று நீர் எழுத வேண்டும். உருக்கமாக எழுத வேண்டாம். உருக்கத்தால் வந்த வினைதான் இவ்வளவும். அப்படியும் துரை சோலியை எடுத்துவிட்டாரானால், சம்பந்தி காலில் விழுந்தாவது கல்யாணத்தை நடத்திவிட நான் தயார். நீரும் பக்கத்தில் விழ வேண்டும். கார்டு எழுதினவர் நீர்தானே.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் அதெல்லாம் நான் மனசாரச் சொன்னதுதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். உமக்கும் உம்முடைய சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் ஆசீர்வாதம். உம்முடைய அக்காள் உமக்குத் தனியாக ஒரு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். அதை எழுத்தில் எழுத முடியாது, நேரில் வந்து வாங்கிக்கொள்ளும். இந்தக் கடுதாசிக்குப் பதில் கார்டில் எழுதினீரோ, நமக்குள் உறவு முடிந்தது.

இப்படிக்கு,
வெயிலில் அலைந்து கறுத்துப்போன உம்முடைய அத்தான்,
பாபநாசம் பிள்ளை.

மறந்துபோய் அல்ல, இப்போது நடந்ததால் எழுதுவது: கவரை ஒட்டப் போகிற சமயத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார், பின்னாலேயே மாப்பிள்ளை, அதற்கும் பின்னால் டவாலியோடு இசக்கியப்பன். சம்பந்தி இந்தத் தடவை காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. விஷயம் இதுதான். இந்த உத்தியோகம் எந்த உத்தரவில் ஏற்பட்டது என்று துரை கேட்டாராம், ஒருவருக்கும் தெரியவில்லையாம். டெம்பரரி என்று ஹெட்குமாஸ்தா சொன்னாராம். ஆறு வருஷம் எப்படி டெம்பரரியாகும் என்று துரை கேட்டாராம். அப்படியானால் பெர்மனெண்டு என்றாராம் ஹெட்குமாஸ்தா. உத்தரவு இல்லாமல் எப்படிப் பெர்மனெண்டு ஆகும் என்றாராம் துரை. கடைசியில், இது டெம்பரரியா பெர்மனெண்டா என்று தீர்மானிப்பதற்காகக் கட்டு முழுவதையும் மதறாஸுக்கு அனுப்பிவிட்டார். அங்கேயிருந்து தீர்மானம் வருகிறவரையில் இந்த உத்தியோகத்தை ஒருவரும் எடுக்கவும் கூடாது, பல்லாரி கஞ்சம் என்று மாற்றவும் கூடாது என்று எழுத்து மூலமாக உத்தரவு. இந்தத் தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "மதறாசுக்குப் போன கட்டு திரும்பி வந்தத எங்க அப்பன் காலத்துலயும் யாரும் கண்டதில்ல ஐயா" என்கிறான் இசக்கியப்பன். சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம்ம அர்ஜியாலல்லா வே எம் மகனுக்கு அசைக்க முடியாத சோலி ஆயிட்டு" என்றார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே கோமு சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதினோரு நாள் ஆகிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால் மேலே எழுதியிருப்பது ஒன்றையும் நீர் செய்ய வேண்டாம். பத்திரிகையை நிறுத்தச் சொன்னதை நிறுத்திவிட்டு, உடனே அச்சடியும். அதில் மாப்பிள்ளையைச் சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று மட்டும் போடும். எந்த மாதிரி உத்தியோகம் என்று போட வேண்டாம்; அது மதறாஸின் தீர்மானத்தில் இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு சங்கதி. மதறாஸிலிருந்து கேள்வி வந்தால் உடனுக்குடன் பதில் எழுதுவதற்காக, தீர்மானம் வருகிறவரையில் மாப்பிள்ளையைத் திருநெல்வேலியில் பெரிய ஆபீசிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வாகான வீடு அகப்படுகிறவரைக்கும் கல்யாணமானதும் பிள்ளைகள் இரண்டு பேரும் உம்முடைய வீட்டு மாடியில் இருப்பார்கள் என்று நானும் உம்முடைய அக்காளும் சம்பந்தியும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். நீர் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். டெம்பரரிதான்.